மச்சானின் பனியன்

பந்தயத் தளத்தின் வாசலில் கார்களின் சத்தத்தைத் தராசில் எடை போட்டுத்தான் உள்ளே விடுவார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் இதுதான் வழக்கம். என் காரின் சத்தத்தை வைத்ததும் தட்டு தரையில் மோதியது.

“குறைச்சுட்டு வாங்க சார்,” என்றார் தராசு அதிகாரி ரெஜினா மேடம்.

“எவ்வளவு குறைக்கணும்?”

“கேக்காத அளவுக்கு.”

சத்தத்தைக் குறைத்தால் பவரும் கூடவே போய்விடும் என்பது என் பயம். போன தடவை மச்சானை முந்தியது அந்தப் பவரால்தான். மச்சான் குழந்தைவேலு என் மனைவியின் அண்ணன். திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். தோற்றதிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கிறார். தோற்றவர் சிரித்தால் எனக்குத் தூக்கம் வராது.

மெக்கானிக் சென்னியப்பன் சைலன்சரைப் பிரித்தார். உள்ளே அடைக்கும் பஞ்சு தீர்ந்திருந்தது. இந்தத் தடவை வேடிக்கை பார்க்க மட்டும் வந்திருந்த மச்சான், தன் காரிலிருந்து ஒரு மூட்டை பனியன் வேஸ்ட்டை எடுத்து வந்தார். கை துடைக்க எல்லா ஒர்க்‌ஷாப்பிலும் கிடக்கும் துண்டுத் துணிதான். நடுவே அவர் போட்டுக் கழற்றிய பழைய பனியன் ஒன்றும் இருந்தது.

“நீங்க எதுக்கு எனக்கு உதவறீங்க மச்சான்?”

“சும்மாதானுங்க மாப்ள.”

சும்மா என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

“பவர் குறையுமா?” என்று சென்னியப்பனிடம் கேட்டேன்.

“துளி குறையாதுங்க. சத்தம் மட்டும் பனியன் யாருதோ அவருகிட்டப் போயிரும்.”

அடைத்து மாட்டினார். ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். கார் மூச்சு விடவில்லை. பக்கத்தில் நின்ற மச்சான் வாயைத் திறந்து உறுமினார். காலை எடுத்தேன். அவரும் நிறுத்திவிட்டு மீசையைத் துடைத்துக்கொண்டார்.

ரெஜினா மேடம் மறுபடி என் காரை எடை போட்டார். தட்டு அசையவில்லை. பிறகு மச்சானை எடை போட்டார்.

“இவரை உள்ள விட முடியாது சார்.”

மச்சான் மறுபேச்சு பேசாமல் மதில் சுவருக்கு வெளியே போய் நின்றார். கோபமே படவில்லை. அங்கேதான் என் சந்தேகம் முற்றியது.

எஞ்சின் சத்தத்தைக் காதால் கேட்டுக் கியர் மாற்றித்தான் எனக்குப் பழக்கம். இப்போது மதிலுக்கு அப்பாலிருந்த மச்சானின் தொண்டையைக் கேட்டு மாற்ற வேண்டியிருந்தது. வேண்டுமென்றே இழுத்தடித்து என்னைக் கவிழ்ப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் ஓரிடத்திலும் பிசகவில்லை. வளைவுகளில் குரலை இறக்கினார், நேர்ப்பாதையில் தொண்டை கிழியக் கத்தினார். எல்லோருக்கும் முன்னால் வந்து சேர்ந்தேன்.

மச்சான் வாசலில் நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். புகை மட்டும் வந்தது.

செல்போன் அடித்தது. மனைவி. ஸ்பீக்கரில் போட்டேன்.

“எங்கண்ணன்கிட்டக் குடுங்க.”

கொடுத்தேன். அவர் அதைக் காதில் வைக்கவில்லை. என் காருக்குப் பின்னால் குனிந்து சைலன்சரின் வாயருகே பிடித்தார்.

“சொல்லு அம்மணி,” என்றது சைலன்சர், மச்சானின் குரலில். “நல்லாருக்கேன். மாப்ளதான் ஜெயிச்சாரு. அருமையா ஓட்டுனாரு.”

எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே, இவர் ஏன் இவ்வளவு நல்லவிதமாகச் சொல்கிறார் என்றும் இருந்தது. எஞ்சினை அணைக்கக் கையை நீட்டினேன்.

“அணைச்சுராதீங்க,” என்றார் சென்னியப்பன். “அப்பறம் அவருக்குப் பேச்சு வராதுங்க.”

கையை எடுத்துக்கொண்டேன். பெட்ரோல் முள் சிவப்பில் கிடந்தது.

“அப்பறம்ண்ணா, வேறென்ன விசேஷம்?” என்று மனைவி சாவகாசமாகக் கேட்டாள்.

மச்சான் என்னைப் பார்த்துச் சிரித்தார்.