ஐஸ் பெட்டியில் மங்குஸ்தான்

வல்லிநாயகம் மேடையில் "முன்னெச்சரிக்கை" என்ற சொல்லைப் பதினோராவது தடவையாகச் சொன்னதும் ஜெயசித்ரா எண்ணுவதை விட்டுவிட்டாள். நாலு நாட்டு ஆய்வகங்கள் கைகோத்துத் தொற்றுநோயை விரட்டப் போகும் திட்டமாம். கூட்டம் போட, சாரல் நேரத்துக் குற்றாலத்தைத் தவிர அவர்களுக்கு உலகத்தில் வேறு இடமே அகப்படவில்லை. விருந்தாளிகள் காலையில் அருவியில் குளித்தார்கள். மத்தியானம் ஈரத் தலையோடு வந்து நாற்காலியில் தூங்கினார்கள்.

வல்லிநாயகம்தான் திட்டத்தின் தலைவர். ஜெயசித்ரா தென்காசியில் அதன் லேப் டெக்னீஷியன். இன்றைக்கு அவளுக்கு வாசலில் நின்று விருந்தாளிகளுக்குப் பை கொடுக்கும் வேலை. மனசெல்லாம் வடகரையில் இருந்தது. ஒரு வாரமாக அங்கே ஒரு காய்ச்சல். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை. நோய்க்குப் பேர் தெரியாமல் மருந்து கொடுக்க முடியாது என்று டாக்டர்கள் கையைப் பிசைந்தார்கள். நேற்று அவள் பதினாலு பேரிடம் ரத்தம் எடுத்தாள். காலையில் அதை நீல ஐஸ் பெட்டியில் அடுக்கி வல்லிநாயகத்தின் காரில் ஏற்றியவளும் அவள்தான். அவரை இங்கே இறக்கிவிட்டு, கார் நேரே திருவனந்தபுரத்துக்குப் போகவேண்டும். அங்குள்ள திட்டத்தின் ஆய்வகத்தில் ராத்திரிக்குள் பேர் தெரிந்துவிடும்.

டீ நேரத்தில் இரண்டு பேர் அதே நீலப் பெட்டியைத் தூக்கி வந்து மேஜையில் வைத்தார்கள். வல்லிநாயகம் தன் கையாலேயே மூடியைத் திறந்தார். உள்ளே மங்குஸ்தான் பழம், ஜில்லென்று. விருந்தாளிகள் கைதட்டினார்கள். நோயைத் தடுக்க வந்த மேதைகள், நோயாளி ரத்தம் இருந்த பெட்டியிலிருந்து பழத்தை எடுத்து உரித்துத் தின்றார்கள்.

ஜெயசித்ரா வெளியே ஓடினாள். கார் மரத்தடியிலேயே நின்றது. பின் சீட்டில், ஜவுளிக்கடைப் பை ஒன்றில், பதினாலு குழாயும் கிடந்தன.

"அண்ணாச்சி, நீங்க இன்னும் போகலையா?" என்றாள் டிரைவர் இசக்கிதுரையிடம்.

"என்னத்தச் செய்ய? சார்தான் வெளிய எடுத்து வைக்கச் சொன்னாவ. பழம் வாங்கணும், நாளைக்குப் போய்க்கிடலாம்னாவ."

பகல் முழுக்க வெளியே கிடந்த ரத்தம் இனி எதற்கும் ஆகாது. திரும்பி ஓடி வல்லிநாயகத்திடம் சொன்னாள். அவர் பழத்தோலைத் தட்டில் போட்டார்.

"ஏம்மா இப்படிப் பதறுதே? குத்தாலக் குளிருக்கு ஐஸ் எதுக்கு? சீசன்ல ஊரே ஃப்ரிட்ஜ்தானே!"

இரண்டு டாக்டர் பட்டம் வாங்கிய வாய் சொன்ன சொல் அது. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். இவர் ரத்தத்தைக் கெடுத்தார். சீ, இந்த ஆளுக்கா மூன்று வருஷமாக எழுந்து நின்று வணக்கம் சொன்னோம் என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

"கெட்டிருந்தா நாளைக்குப் போய் மறுபடி எடு. ஆளுக்கு ஒரு ஊசி, அவ்வளவுதான? கேட்டா மெஷின் ரிப்பேர்னு சொல்லு" என்றார்.

மறுநாள் காலை வடகரையில் பதின்மூன்று பேர் முணுமுணுத்துக்கொண்டே கையை நீட்டினார்கள். பதினாலாவது, தென்னை ஏறும் மாடக்கண்ணு. அவன் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். விடியக்காலம் உயிர் போய்விட்டதாம்.

அவன் மனைவி முத்துச்செல்வி அழுது ஓய்ந்திருந்தாள். இவளைக் கண்டதும் எழுந்து வந்தாள்.

"அன்னைக்கு அவுகட்ட ரத்தம் எடுத்தியே, என்ன நோவுன்னு சொல்லிட்டாவளா?"

மெஷின் ரிப்பேர் என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஜெயசித்ரா விழுங்கினாள்.

"இல்லக்கா. ஐஸ் பெட்டியில விருந்தாளிக்குப் பழம் வைக்கணும்னு எங்க பெரிய சாரு அந்த ரத்தத்த வெளிய எடுத்துப் போட்டுட்டாவ. கெட்டுப்போச்சு."

அடிப்பாள் என்றுதான் ஜெயசித்ரா நினைத்தாள். அடித்தால் வாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தாள். முத்துச்செல்வி உள்ளே போனாள். ஆறு வயது மகளைத் தூக்கி வந்து, சட்டைக் கையைத் தோள் வரைக்கும் சுருட்டிவிட்டாள்.

"இவளுக்கும் நேத்திலேருந்து மேலு சுடுது. எடுத்துக்க. படிச்சவுக யாருட்டயும் குடுத்துராத, நீயே கொண்டு போ."