சில்வர் பேனாக் கோடுகள்

என் புருஷன் ஜோசுவாவின் வலது கால் செருப்பு பேரணாம்பட்டு பஸ் ஸ்டாண்டில் இரண்டாவது முறையாகத் தொலைந்தது. கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை.

“கால்ல செருப்பு இல்லைன்னு கூடவா தெரியாது? இன்னா ஆளுய்யா நீ!” என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன்.

அவர் குனிந்து பாதத்தைக் கிள்ளிப் பார்த்தார். “நெஜமா தெரியல ஜாஸ்மின்” என்றார்.

வேலூரில் டாக்டர் பூங்குழலி அவரைக் குதிகாலில் நிற்கச் சொன்னார். வலது பாதம் தூக்க வராமல் தொங்கியது. குண்டூசியால் குத்தினார், ஒயர் வைத்து நரம்பைச் சோதித்தார். பிறகு, “சமீபத்துல இடுப்புல ஊசி போட்டீங்களா?” என்று கேட்டார்.

போட்டிருந்தார், காய்ச்சலுக்கு. ஊசி போடாதவர் டாக்டரே இல்லை என்பது எங்கள் ஊர் நியாயம். இவரோ எலும்பும் தோலுமான உடம்பு. காலுக்கு இறங்கும் பெரிய நரம்பை ஊசி பதம் பார்த்துவிட்டது.

டாக்டர் இவர் பிட்டத்திலிருந்து கீழ்நோக்கி விரலால் தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில், “பாதம் வரைக்கும் கரண்ட் ஓடுது” என்றார் இவர். டாக்டர் அங்கே ஒரு கோடு போட்டார்.

“நரம்பு மாசத்துக்கு ஒரு இஞ்ச் வளரும். அதோட இந்த எடமும் கீழ இறங்கணும். வீட்ல தட்டிப் பார்த்துக் குறிச்சிக்கிட்டு மூணாவது மாசம் வாங்க. கொஞ்சமும் இறங்கலைன்னா ஆபரேஷன்தான்.”

ஆம்பூரில் நான் வேலை செய்யும் ஷூ கம்பெனியின் பஸ்ஸை ஓட்டியவர் இவர். அந்த பஸ்ஸில்தான் நாங்கள் பழகினோம். இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். இவர் பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டையை மாட்டிக்கொண்டு வாசல்வரை வந்து என்னை அனுப்புகிறார். பிரேக் மிதிக்கிற கால் மரத்துப் போனால் யார் பஸ்ஸைக் கொடுப்பார்கள்?

ஷூ தைக்கும் தோலில் தையல் ஓடவேண்டிய இடத்தைக் குறிக்கும் சில்வர் பேனா ஒன்றைக் கம்பெனியில் கேட்டு வாங்கி வந்தேன். இவர் குப்புறப் படுப்பார், நான் தட்டுவேன், “இங்கதான்” என்ற இடத்தில் கோடு போடுவேன். குளித்துக் கோடுகள் மங்கினால் அவற்றின் மேலேயே திரும்ப இழுப்பேன். முதல் மாதம் ஒரு இஞ்ச் இறங்கியது. இரண்டாம் மாதம் இன்னொரு இஞ்ச். தெருவுக்கே கேசரி கொடுத்தேன்.

மூன்றாவது மாதம், சர்ச் முடிந்து வந்து உட்கார்ந்தபோதுதான் உறுத்தியது. நூல் பிடித்த மாதிரி இஞ்ச் இஞ்சாக இடைவெளி மெஷின் தையலில் வரும், உடம்பில் வருமா? விரலைத் தொடையருகே கொண்டுபோய், தொடாமல் தட்டுவதுபோல் ஆட்டினேன்.

“ஆங், இங்கதான்! ஓடுது!”

நிமிர்ந்தேன். பீரோ கண்ணாடியில் இவர் கண்கள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தன.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறியா? டாக்டர் இத நம்பி சும்மா வுட்டா கால் இன்னாய்யா ஆவும்?”

இவர் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். “கோடு எறங்கனா நீ சிரிக்கிற” என்றார். “கால் இப்படி ஆனதுலேர்ந்து அப்ப மட்டுந்தான் சிரிக்கிற.”

கோபத்தோடு கோபமாக அழுதேன். இப்படி ஒரு மடையனை எனக்கு எவ்வளவு பிடிக்கிறது என்றும் அழுதேன். பிறகு என் இரண்டு கோடுகளையும் துடைத்து அழித்தேன். டாக்டர் போட்ட கோடு மட்டும் மிஞ்சியது. கண்ணாடிமேல் ஒரு புடவையைத் தொங்கவிட்டேன்.

மேலிருந்து தட்டினேன். “இல்ல.” டாக்டர் கோட்டின் மேல் தட்டினேன். “இல்ல.” அதற்குக் கீழே இரண்டு விரற்கடை தள்ளித் தட்டியதும் இவர் உடம்பு தூக்கிப் போட்டது.

“ஜாஸ்மின்! கட்டைவிரல் வரைக்கும் ஓடுது!”

நம்பாமல் வேறு இடங்களில் தட்டினேன். இல்லை என்றார். திரும்ப அங்கேயே வந்தேன். ஓடுது என்றார். கோடு போட்டேன்.

“ரொம்பக் கம்மியா?” என்றார் தலையணைக்குள்ளிருந்து.

“கம்மிதான். ஆனா எறங்கியிருக்கு” என்றேன்.

எழுந்து போய்ப் புடவையை எடுத்தேன். நான் சிரிப்பதை அவர் பார்க்கட்டும்.