நடிகர் வெச்சிருந்த படம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதைக்கு நான் முதலில் வைத்த பெயர் ‘உஷாராணியின் இரண்டு தாள்கள்’. பத்திரிகை ஆசிரியர் வாட்சப்பில் ஒரே வரி அனுப்பினார்: “உஷாராணி யாருலா?” தலைப்பில் ஒரு நடிகரைச் சேர்த்தேன். அரை மணி நேரத்தில் “பிரமாதம்” என்று பதில் வந்தது. கதையை அவர் அப்போதும் திறந்து பார்க்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் புதுத் தலைப்பை விட்டுக்கொடுக்கவில்லை. நீங்களும் நடிகரைப் பார்த்துத்தானே உள்ளே வந்தீர்கள்? உட்காருங்கள்.

(நடிகரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் கதைக்கு மவுசு கூடிவிடும்.)

2

போர்ட் கிள்ளானில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு—

வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

உஷாராணிக்கு அறுபத்திரண்டு வயது. வீடு கிள்ளானில். முப்பது வருடங்களுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் ‘லோரி ராஜாத்தி’ என்ற படக்கதையை ஆறு வருடம் வரைந்தவள். கண்டெய்னர் லோரி ஓட்டிக்கொண்டே திருடர்களைப் பிடிக்கும் ராஜாத்தியை அன்று தெரியாதவர்கள் கிடையாது. வரைந்தவளைத் தெரிந்தவர்களும் கிடையாது. படத்துக்குக் கீழே வாராவாரம் ‘ஓவியம்: நமது ஓவியர்’ என்றுதான் அச்சாகும்.

பழைய இதழ்கள் எல்லாவற்றையும் அவள் பத்திரமாக வைத்திருக்கிறாள். அவற்றை ஒரே புத்தகமாகப் போட வேண்டும், அட்டையில் தன் பெயர் இருக்க வேண்டும். அவளுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். செமினியில் ஓர் அச்சகக்காரர் பன்னிரண்டாயிரம் ரிங்கிட் கேட்டார். கையால் வரைந்த மூலத் தாள்களில் மிஞ்சியது இரண்டே இரண்டு. இரண்டையும் பிரிக்பீல்ட்ஸில் நடக்கவிருந்த படக்கதை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தாள்.

3

வந்ததும் மனசு உறுத்தியது. ஏலத்தை நடத்தும் சிவேந்திரனுக்குப் போன் போட்டாள்.

“தம்பி, ஒரு தாள்ல வட்டமா கறை இருக்குலா. அந்த நடிகர் எங்க ஆபீசுக்கு வந்தப்ப வெச்சிருந்தாரு. வெலைய கொறச்சுப் போட்டாலும் பரவால்ல.”

“நடிகர் வெச்சிருந்தாரா! ஆன்டி, சொல்லவே இல்லியே!”

“இதெல்லாம் போய்ப் பெருமையா சொல்வாங்களா?”

நடந்தது இவ்வளவுதான்: கலைநிகழ்ச்சிக்கு வந்த நடிகர் பத்திரிகை அலுவலகத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்தார். தே தாரே டீ கிளாஸை எதிரே கிடந்த தாளின் மேல் வைத்தார். குடித்தார். போய்விட்டார். தாளில் என்ன இருந்தது என்று அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. வட்டக் கறை என்றால் கிளாஸ்தானே, அதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா என்று உஷாராணி நினைத்துவிட்டாள்.

கேட்டலாக் இப்படி வந்தது: ‘நட்சத்திர நடிகரின் சொந்தச் சேகரிப்பில் இருந்த அரிய படம்.’

4

(இங்கே ஒரு கட்டுரை எழுத நினைத்தேன். பிரபலம் ஒருவர் வைத்திருந்தால் ஓவியத்தின் ஏல விலை உயருமா? உயரும். கட்டுரை முடிந்தது. எதனால் உயரும் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்திருந்தால் நான் கதை எழுதி வயிறு வளர்த்திருக்க மாட்டேன்.)

5

கேட்டலாக்கை உஷாராணி ஏல மண்டபத்தில்தான் பார்த்தாள். பகீரென்றது. சிவேந்திரனைக் கூப்பிட வாயைத் திறந்தாள். புத்தகத்தின் அட்டை கண்ணுக்குள் வந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

இந்த இடத்தில்தான் எனக்கு உஷாராணியோடு சண்டை. அவளை நல்லவளாகத்தான் எழுத ஆரம்பித்தேன். நான்கு முறை மாற்றி எழுதியும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள். தலைப்பை மாற்றியவன் நான். எந்த முகத்தோடு அவளைக் கேட்பது?

கறையில்லாத தாள் முதலில் ஏலத்துக்கு வந்தது. ராஜாத்தி லோரிச் சக்கரத்தில் தலை சாய்த்துத் தூங்கும் காட்சி. வசனமே கிடையாது. அந்த ஒரு முகத்துக்காக மூன்று வாரம் அழித்து அழித்து வரைந்தவள் உஷாராணி. தான் வரைந்ததிலேயே உருப்படியானது அதுதான் என்று அவளுக்குத் தெரியும். ஐந்நூறு ரிங்கிட்டுக்கு ஒரு கைகூட உயரவில்லை. பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பியது போல இருந்தது அவளுக்கு.

கறை படிந்த தாள் பதினாலாயிரத்துக்குப் போனது.

6

எடுத்தவர் நாகையா. போர்ட் கிள்ளானில் நாற்பது லோரிக்குச் சொந்தக்காரர். படத்தில் இருப்பதும் லோரிதான் என்பதை அவர் இன்னும் கவனிக்கவில்லை. விற்றவள் என்று மட்டும் சொல்லி சிவேந்திரன் உஷாராணியைக் கொண்டுவந்து நிறுத்தினான்.

“ஆன்டி, அவரு இத எங்க வெச்சிருந்தாரு?” நாகையா கேட்டார்.

“மேச மேல இருந்துச்சு.”

“இந்த வட்டம்?”

“தே தாரே கிளாஸ் வெச்சது.” சொல்லிவிட்டாள்.

“பாத்தியா சிவா! தெனமும் டீ குடிச்சிக்கிட்டே இதையே பாத்திருக்காரு மனுசன்!”

“இல்ல பாஸ், அவரு பாக்கவே—”

“சும்மா இருங்க ஆன்டி, எனக்குத் தெரியாதா? நான் அவரோட ரசிகன்லா!”

நாகையா ஒரு தாளை நீட்டினார். அச்சடித்தே கொண்டுவந்திருந்தார். ‘இந்தப் படம் நடிகரிடம் இருந்தது என்று உறுதி கூறுகிறேன். பெயர்: … நடிகருக்கு என்ன உறவு: …’

“கையெழுத்துப் போட்டா இப்பவே காசு. ஆமா, நீங்க அவருக்கு என்ன வேணும்? தங்கச்சியா?”

பெயர் என்ற இடத்தில் அவள் ‘உஷாராணி’ என்று எழுதினாள். தன் படத்தின் பக்கத்தில் தன் பெயரை அவள் எழுதுவது அதுதான் முதல் தடவை.

7

‘உறவு’ என்ற இடத்துக்கு என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

‘ஒன்றுமில்லை. வரைந்தவள் நான். வைத்திருந்தவளும் நான்’ என்று எழுதுகிறாள். நாகையா பேனாவைப் பிடுங்கிக்கொண்டு போகிறார். கறைத் தாளும் அவளோடு பஸ் ஏறிக் கிள்ளானுக்குத் திரும்புகிறது. புத்தகம் இல்லை.

அல்லது ‘தங்கை’ என்று எழுதுகிறாள். தீபாவளிக்குள் புத்தகம் வருகிறது. அட்டையில் அவள் பெயர், கொட்டை எழுத்தில். வாங்குகிறவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள்: “நடிகரோட தங்கச்சி வரைஞ்சதாம்லா!”

மூன்றாவதாக ஒன்றை எழுத உட்கார்ந்தேன். உஷாராணி திரும்பி என்னை—

முடியவில்லை. நாகையாவுக்கு நேரமாகிறதாம். பேனாவை நீங்கள் பிடியுங்கள்.

நடிகருக்கு என்ன உறவு: ……………………