கேட்காத நகை

அமுதவள்ளி பேசுவதை நிறுத்திக்கொண்டாள் என்று தெருவில் சொன்னார்கள். அவள் மருமகள் வேல்விழிக்கு அது முழு உண்மையாகப் படவில்லை. சோறு போடட்டுமா என்றால் போடு என்பாள். விளக்கைப் போடட்டுமா என்றால் சரி என்பாள். கேட்டதற்குப் பதில் வரும், தானாக ஒரு சொல் வராது. காய் நறுக்கச் சொன்னால் மட்டும், நீயே நறுக்கிக்கோ என்று அரிவாள்மனையைத் தள்ளி வைத்துவிடுவாள்.

தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் பொம்மை கம்பெனியில் அமுதவள்ளி அச்சு ஊற்றும் வேலை பார்த்தவள். அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் பிசிறைக் கத்தியால் சீவி ஸ்பாஞ்சால் துடைப்பதில் அவள் வேகம் யாருக்கும் வராது. கடைசி மாதங்களில் பொம்மையைக் கையில் எடுத்தால் எடுத்தபடியே நின்றுவிடுவாள். மண் காய்ந்து வெடிக்கும் வரைக்கும் நிற்பாள். சூப்பர்வைசர் பொறுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுத்துட்டு வாங்கக்கா என்று அனுப்பிவைத்தார். அதே கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் இருந்த வேல்விழிதான் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள்.

அன்று வழியெல்லாம் வேல்விழிக்கு ஒரே நினைப்பு. இரண்டு வருடத்துக்கு முன்னால் போலீஸ் ஸ்டேஷனில் தான் ஆட்டிய தலை.

அப்போது அவளுக்குக் கல்யாணமாகிச் சில மாதங்கள்தான். புருஷன் பாரி சூளையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் மாமியாரும் மருமகளும் தனியாக இருக்கும் நேரத்தில் அமுதவள்ளிக்குக் கோபம் எங்கிருந்து வரும் என்றே தெரியாது. குழம்பில் உப்புக் கூடினால் தட்டு பறக்கும். ஒருநாள் சாயங்காலம் கொடியில் காய்ந்த துணியை எடுக்க வெளியே போன வேல்விழியை அப்படியே விட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டாள். நல்ல மழை. பாரி வேலை முடிந்து வரும்வரை அவள் நனைந்துகொண்டு வாசலில் நின்றாள். மறுநாளே வேப்பூருக்குப் பஸ் ஏறிவிட்டாள். அங்கே ஹைவேயில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அவள் அப்பா தங்கராசு, மகளைக் கையோடு மகளிர் ஸ்டேஷனுக்கு அழைத்துப்போய் மனு கொடுத்தார். இரண்டு பக்கத்தையும் கவுன்சிலிங்குக்குக் கூப்பிட்டார்கள்.

விருத்தாசலம் பக்கத்தில் கவுன்சிலிங் என்றால் இரண்டுதான். பிளஸ் டூ முடித்தால் காலேஜுக்காகப் போவது ஒன்று, கல்யாணம் முடித்தால் ஸ்டேஷனுக்குப் போவது ஒன்று. அமுதவள்ளி எட்டாவதோடு நின்றவள். அவளுக்குத் தெரிந்தது இரண்டாவது மட்டும்தான்.

அங்கே இருந்த அம்மாள் நிதானமாகத்தான் கேட்டார். வேல்விழி தட்டைச் சொன்னாள், தாழ்ப்பாளைச் சொன்னாள். வீட்டில் அழுதபோது மலையாக இருந்தவை அந்த மேசைக்கு முன்னால் சொல்லும்போது இவ்வளவுதானா என்று அவளுக்கே தோன்றும்படி சுருங்கிப்போயின. வேறு ஏதாவது உண்டா, நகை கிகை கேட்டார்களா என்று அந்த அம்மாள் எல்லோரிடமும் கேட்பதுபோல் கேட்டார். அப்பாவின் முழங்கை வேல்விழியின் மேல் பட்டது. வேல்விழி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அமுதவள்ளி மருமகளின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, இனிமேல் கேட்க மாட்டேன், இனிமேல் இப்படி நடந்துகொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டு எழுதியும் கொடுத்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் தட்டு பறக்கவில்லை. பெண்ணுக்கு நல்லது நடந்துவிட்டது என்று தங்கராசு ஊரெல்லாம் சொன்னார். பாரி மட்டும் ஒருநாள், "எங்கம்மா நெசமா நகை கேட்டாங்களா விழி?" என்றான். முடிஞ்சதை எதுக்குக் கிளறணும் என்று அவள் சொன்னாள். அவனும் விட்டுவிட்டான்.

வேல்விழி சாயங்காலங்களில் கணக்கு எழுதும் டேலி வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே பக்கத்து கம்ப்யூட்டரில் உட்காரும் கயல்விழி ஒருநாள் தன் அம்மாவைப் பற்றிச் சொன்னாள். மாதாமாதம் வரும் தூரம் நிற்கிற வயசில் தூக்கம் போனது, உடம்பு தீயாக எரிந்தது, தொட்டதுக்கெல்லாம் ஆவேசம் வந்தது, அதற்கப்புறம் ஒரேயடியாக அழுகை. வேல்விழி விரலைக் கீபோர்டில் வைத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். மார்கழிக் குளிரில் மாமியார் வெறுந்தரையில் ஃபேனுக்கு நேர்கீழே படுத்திருந்தது ஞாபகம் வந்தது. நேரங்காலமில்லாமல் புடவை அலசிக் காயப்போட்டதும் ஞாபகம் வந்தது. எல்லாம் கண்ணெதிரில் நடந்தவை. அவள்தான் அதற்குக் கொடுமை என்று ஒரே பெயர் வைத்திருந்தாள்.

டாக்டர் தேடுவது அப்படித்தான் தொடங்கியது. முதலில் போன கிளினிக்கில் என்ன செய்கிறது என்று அமுதவள்ளியைக் கேட்டதற்கு, உடம்பில் சத்து இல்லீங்க என்று பாரி பதில் சொன்னான். டானிக் எழுதிக் கொடுத்தார்கள். அடுத்துப் பெரிய ஊரில் ஒரு மனநல டாக்டர். அவர் கேள்வியெல்லாம் பாரியிடம்தான் கேட்டார். அவர் கொடுத்த மாத்திரையில் அமுதவள்ளி பகலெல்லாம் தூங்கினாள். தூங்கினால் வீடு அமைதியாக இருக்கிறதே என்றான் பாரி. அவன் கெட்டவன் இல்லை. அம்மாவின் கஷ்டம் எது, வீட்டின் கஷ்டம் எது என்று பிரித்துப் பார்க்க அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூன்றாவதாகப் பார்த்த லேடி டாக்டர், இந்த வயசில் எல்லாருக்கும் வருவதுதான், மனசை வேறு பக்கம் திருப்புங்கள், கோயில் குளம் போங்கள் என்று சொல்லி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

ஒவ்வொரு இடத்திலிருந்தும் வெளியே வரும்போது வேல்விழிக்கு ஆத்திரம் வரும். ஒரு ஆள்கூட அத்தையைப் பேசவிடவில்லையே என்று மனதுக்குள் திட்டுவாள். அந்த ஆத்திரத்துக்கு அடியில் சின்னதாக ஒரு நிம்மதியும் இருந்தது. அத்தை பேசவில்லை, அதனால் ஸ்டேஷன் பேச்சும் வரவில்லை. அந்த நிம்மதியைக் கண்டுபிடித்த அன்று அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

கயல்விழிதான் வெண்பா மேடத்தைச் சொன்னாள். நெய்வேலிப் பக்கம், மனசுக் கஷ்டத்தைப் பேசவிட்டுக் கேட்பவர், வீட்டின் முன்னறையிலேயே பார்க்கிறார். தனக்குக் கரு கலைந்தபோது தானே போனதாகவும், இதை வகுப்பில் யாரிடமும் சொல்லக் கூடாது என்றும் கயல்விழி குரலை இறக்கிச் சொன்னாள்.

"கேள்வி கேட்டுட்டு நம்ம வாயத்தான் பாப்பாங்க விழி. கூட வந்தவங்க வாயப் பாக்க மாட்டாங்க."

இப்படி ஒரு ஆளைத்தான் வேல்விழி தேடிக்கொண்டிருந்தாள். கிடைத்ததும் நம்பரை வைத்துக்கொண்டு பல நாள் போன் செய்யாமல் இருந்தாள். கம்பெனியில் லோடு ஏறுகிறது, மாசக் கடைசி, அத்தைக்குச் சளி என்று தனக்குத் தானே காரணம் சொன்னாள். அமுதவள்ளி குளித்த தலையைத் துவட்டாமல் ஈரம் சொட்டச் சொட்டச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் போனை எடுத்தாள்.

பாரி, எந்த டாக்டர் என்று கேட்டான். பொம்பளைங்க டாக்டர் என்றாள். அவன் அதற்குமேல் கேட்கவில்லை. அமுதவள்ளியிடமும் டாக்டர் என்று மட்டுமே சொல்லியிருந்தாள்.

பஸ்ஸை விட்டு இறங்கி அந்தத் தெருவுக்குள் நடந்து போனார்கள். கேட்டில் ஒரு சின்னப் போர்டு. அமுதவள்ளி அதன் முன்னால் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். வேல்விழிக்கு அப்போதுதான் கவுன்சிலிங் என்ற சொல் அங்கே எழுதியிருப்பது கண்ணில் பட்டது.

"திரும்பவும் மனு எழுதிக் குடுத்துட்டியா?" என்றாள் அமுதவள்ளி. பல மாதங்களில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி அது.

இல்லை அத்தை, இது அந்தக் கவுன்சிலிங் இல்லை, இது டாக்டர் மாதிரி என்று வேல்விழி தடுமாறிச் சொன்னாள். அமுதவள்ளி காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"சரி வா. போவலன்னா ஆளு அனுப்புவாங்க. தெருவுல அசிங்கம்."

வெண்பா முப்பதைத் தாண்டாதவளாகத் தெரிந்தாள். காட்டன் சுடிதார், கண்ணாடி. வாசல்வரை வந்து, அம்மா மட்டும் உள்ளே வரட்டுமா என்று அமுதவள்ளியிடம் கேட்டாள். வெளியே உட்கார்ந்துவிடலாம் என்று வேல்விழி நாற்காலியைத் தேடினாள். அமுதவள்ளி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நீயும் வா. நீ குடுத்தத நீ இல்லாம எப்புடி விசாரிப்பாங்க?"

அறைக்குள் அமுதவள்ளி உட்காரவில்லை. ஸ்டேஷனில் நின்றதுபோலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். யாரும் எதுவும் கேட்பதற்கு முன்பே தொடங்கிவிட்டாள். தப்புதான் மேடம், இனிமேல் நடக்காது, சின்னப் பொண்ணுன்னு பாக்காம நடந்துக்கிட்டேன் என்று வரிசையாகச் சொன்னாள். வெண்பா எழுந்து நின்றுகொண்டு, இது ஸ்டேஷன் இல்லை, உங்கள்மேல் யாரும் மனு எதுவும் கொடுக்கவில்லை என்றாள். அமுதவள்ளி தலையை அசைத்தாள். பெரிய இடத்தில் அப்படித்தான் முதலில் நயமாகச் சொல்வார்கள் என்பதுபோல் இருந்தது அந்த அசைவு.

"நகை கேட்டேங்க," என்றாள். "கேட்டது எனக்கு ஞாபகத்துல இல்ல. எவ்ளோ யோசிச்சாலும் வர மாட்டேங்குது. ஆனா கேட்டிருக்கேன். இவ பொய் சொல்ற பொண்ணு இல்ல."

வெண்பா அமுதவள்ளியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதுலேருந்துதாங்க பயம். தெரியாமயே ஒன்னு கேட்டிருக்கேன்னா, தெரியாமயே இன்னும் என்னென்ன பண்ணுவேன்? அதான் கத்தியத் தொடறதில்ல. வாயும் தொறக்கறதில்ல. பொம்மைய வச்சிக்கிட்டு நிப்பேன், இந்தக் கை அடுத்து என்னா செய்யும்னு பாத்துக்கிட்டே நிப்பேன்."

மாமியாரின் மௌனத்துக்கு வயசு காரணம், உடம்பு காரணம் என்று வேல்விழி இத்தனை நாளும் அடுக்கி வைத்திருந்தாள். அதில் தன் பங்கு எவ்வளவு என்று அளந்ததே இல்லை. அவளை யாரும் இப்போது எதுவும் கேட்கவில்லை. வெண்பா அவள் பக்கம் திரும்பக்கூட இல்லை. பேசாமல் இருந்தாலும் இந்த அறையில் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

"கேக்கல அத்த," என்றாள்.

அமுதவள்ளி திரும்பினாள்.

"நகை நீங்க கேக்கவே இல்ல. ஸ்டேஷன்ல அந்தம்மா கேட்டாங்க, நான் தலைய ஆட்டிட்டேன். நான்தான் பொய் சொன்னேன்."

வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்து ஸ்டார்ட் செய்ய முயன்றுகொண்டிருந்தார்கள். அமுதவள்ளியின் முகத்தில் கோபம் வரும் என்று வேல்விழி காத்திருந்தாள். அடித்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தாள். அமுதவள்ளி புருவத்தைச் சுருக்கி, கணக்குச் சரிபார்க்கிறவள்போல் ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"தட்டு எறிஞ்சது?"

"அது நெசம் அத்த."

"மழையில தாப்பாப் போட்டது?"

"அதுவும் நெசம்."

"உங்கப்பன வேப்பூர்லேருந்து வந்து பாருடான்னு திட்டுனது?"

"திட்டுனீங்க."

"அதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குது," என்றாள் அமுதவள்ளி. வெண்பாவைப் பார்த்தாள். "அதெல்லாம் ஞாபகம் இருக்குதுங்க மேடம். ஒன்னுவிடாம இருக்குது." சொல்லிக்கொண்டே நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் தோள் இரண்டும் குலுங்கத் தொடங்கின. வேல்விழி பக்கத்தில் போகக் கையை நீட்டினாள்.

"நீ வெளிய இரு," என்றாள் அமுதவள்ளி.

வேல்விழி வெளியே வந்து உட்கார்ந்தாள். கதவு சாத்தியிருந்தது. உள்ளே அமுதவள்ளியின் குரல் கேட்டது, சொற்கள் பிடிபடவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு கேட்கப் பார்த்தவள், பிறகு எழுந்து கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள். மன்னிப்புக் கேட்கவில்லையே என்று அங்கே நின்றபோதுதான் தோன்றியது. உள்ளே ஓடிப்போய்க் கேட்டுவிடலாமா என்றும் நினைத்தாள். அது யாருக்காக என்று யோசித்துப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டாள்.

அமுதவள்ளி வெளியே வந்தபோது கண் வீங்கியிருந்தது. ஒரு பெண் டாக்டரின் பெயரை வெண்பா எழுதிக் கொடுத்திருந்தாள். உடம்புக்கு அங்கே, மனசுக்கு இங்கே, இரண்டும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும் என்றாளாம். பழைய மாத்திரையைத் திடீரென்று நிறுத்த வேண்டாம், கொடுத்த டாக்டரிடமே பேசுகிறேன் என்றும் சொன்னாளாம். இவ்வளவையும் அமுதவள்ளி தெருவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"என் மவன் வயசுகூட இருக்காது. இது என்னாத்தக் கேக்கப்போவுதுன்னு நெனச்சேன்," என்றாள். கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கு. நான் தனியாவே வந்துக்கிறேன்," என்றாள்.

சரி அத்தை என்றாள் வேல்விழி.

பஸ் ஸ்டாப்பில் நிழல் இல்லை. அமுதவள்ளி சிமென்ட் பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள், இன்னொரு ஓரத்தைக் காட்டவில்லை. வேல்விழி நின்றாள்.

"பாரிக்குத் தெரியுமா?"

"தெரியாது அத்த. நான் சொல்லிடறேன்."

"எப்போ?"

வேல்விழி கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். பாரியின் பெயரைத் தொட்டாள். அமுதவள்ளி எதிரில் இருந்த டயர் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காது மட்டும் இந்தப் பக்கம் இருந்தது.

பாரி எடுத்ததும் பின்னால் சூளையின் புளோயர் சத்தம் கேட்டது. டாக்டர் என்னா சொன்னாரு, அம்மா எப்படி இருக்காங்க என்று கத்திக் கேட்டான்.

"அத அவங்களயே கேளுங்க," என்றாள் வேல்விழி. "நான் சொல்ல வேண்டியது வேற. கொஞ்சம் சத்தமில்லாத எடத்துக்கு வாங்க."