எட்டு மீட்டர்

கல்லூரி உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரில் ஒரு மரப்பலகை இருக்கிறது. பெண்கள் 400 மீட்டர் என்ற வரிக்கு எதிரே 57.1 என்று வெள்ளை எழுத்து. நாற்பத்தோரு வருஷமாக அதை யாராலும் அசைக்க முடியவில்லை. அதை ஓடியவள் மைதானக்காரரின் தங்கை. மைதானக்காரர் என்றால் கோடு போடுகிறவர், புல் வெட்டுகிறவர், பயிற்சியாளரிடம் திட்டு வாங்குகிறவர், எல்லாம் அவர் ஒருத்தரே. ஓய்வு பெற்ற பிறகும் போட்டி நாளில் அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளாது. போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிடுவார்.

இந்த வருஷம் ஒரு பெண் 57.5 ஓடி முதலாவதாக வந்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவளோ நேரே அந்தப் பலகைக்கு முன்னால் போய் நின்று, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். “இனிமே ஓட மாட்டேன். என் கால் இவ்வளவுதான்” என்று தோழியிடம் சொன்னது மைதானக்காரர் காதில் விழுந்தது. அதே வார்த்தையை அவர் முன்பும் ஒருமுறை கேட்டிருக்கிறார். பரிசளிப்புக்குக் காத்திராமல் எழுந்து தங்கை வீட்டுக்கு நடந்தார்.

தங்கை சாப்பாட்டு மேஜையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். இன்ஷூரன்ஸ் ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்து ஓய்வு பெற்றவள். அவள் செய்வதெல்லாம் வரி பிசகாமல் இருக்கும். பீன்ஸ் கூடத்தான்.

“என்ன, ஸ்கேல் வெச்சு வெட்றியா?” என்றார் அவர்.

“அளக்கறது உன் வேலைண்ணா. உக்காரு.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சொல்ல வந்ததே அதைப் பற்றித்தான்.

அவள் ஓடிய காலத்தில் அந்தக் கல்லூரியில் பெண்கள் ஓடுவதே புதுசு. மொத்தமே நாலு பேர். உடை மாற்ற அறை கிடையாது. சுண்ணாம்பு மூட்டை போடும் கொட்டகையில் மாற்றிக்கொள்வார்கள், அண்ணன் வெளியே காவல் நிற்பார். பையன்கள் விசிலடித்தால் வாலு திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். வாலு என்பது வீட்டில் அவளுக்கு வைத்த பெயர். மறுநாள் பயிற்சியில் அதே பையன்களில் இரண்டு பேரையாவது முந்திவிட்டுத்தான் ஓய்வாள்.

கால்பந்து ஆடுகிற மண் தரைதான் ஓட்டத்துக்கும். அதனால் ஒவ்வொரு போட்டிக்கும் புதிதாக அளந்து கோடு போட வேண்டும். ஐம்பது மீட்டர் துணி டேப்பை எட்டு முறை இழுத்தால் ஒரு சுற்று. அந்த டேப்பின் முதல் மீட்டர் நைந்து போயிருந்தது. அதை வெட்டி எறிந்துவிட்டு, முனை வளையத்தை ஒன்று என்ற எண்ணில் தைத்து வைத்தவர் இவரேதான். ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மீட்டர் சேர்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்குப் போட்டி அவசரத்தில் சுத்தமாக மறந்துபோனார். மாலையில் டேப்பைச் சுருட்டும்போது வளையம் கண்ணில் பட்டது. அதற்குள் வாலுவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலமே கிளம்பியிருந்தது. அவள் ஓடியது முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு மீட்டர்.

அவர் வாயைத் திறக்கவில்லை. தங்கையின் சந்தோஷத்துக்காக என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பொய். வேலை போய்விடும் என்ற பயம்தான். மறுவாரம் யாருக்கும் தெரியாமல் கோட்டைச் சரியாகப் போட்டார். உடனே அவளுடைய நேரம் ஒரு வினாடிக்கு மேல் ஏறியது. “பேப்பர்ல போட்டோ வந்ததும் கால் கனத்துப்போச்சு இவளுக்கு” என்று பயிற்சியாளர் எல்லார் முன்னாலும் சொன்னார். மூன்று வாரம் கழித்து, மாநில அணிக்கு ஆள் எடுக்கும் பெரிய தேர்வுப் போட்டியில் 57.8. நாலு பேரை எடுத்தார்கள், இவள் ஐந்தாவது. திரும்பி வரும் ரயிலில்தான் சொன்னாள், இனிமேல் ஓட மாட்டேன், என் கால் இவ்வளவுதான் என்று. அதன் பிறகு பஸ்ஸைப் பிடிக்கக்கூட அவள் ஓடி யாரும் பார்த்ததில்லை.

இன்றைக்கு அந்தப் பெண் அழுததையும் சேர்த்து இதையெல்லாம் அவர் இப்போது அந்த மேஜையில் கொட்டினார், முன்னும் பின்னுமாக. அவள் பழைய ரசீது ஒன்றைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் கணக்குப் பார்த்தாள்.

“எட்டு மீட்டர்னா ஒண்ணேகால் செகண்டு கிட்ட வருது. அப்போ அந்த அம்பத்தேழு புள்ளி ஒண்ணு நெஜத்துல அம்பத்தெட்டுக்கு மேல.”

“ஆமாம்மா.”

“தேர்வுல நான் ஓடினது அம்பத்தேழு புள்ளி எட்டு.” பென்சிலைக் கீழே வைத்தாள். “அன்னிக்கு நான் நல்லாத்தான் ஓடியிருக்கேன்.”

“அதுவரைக்கும் நீ அவ்வளவு வேகமா ஓடினதே இல்லம்மா.”

அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பதினெட்டு வயதுச் சிரிப்பு. பார்க்கப் பார்க்க அது அணைந்தது.

“ரயில்ல வர்றப்பவே உனக்குத் தெரியுமா?”

இங்கே ஒரு பொய் சொல்லலாம். அவள் நம்பியும் விடுவாள்.

“தெரியும்.”

“பக்கத்துலதான் உக்காந்திருந்த. ஆரஞ்சு உரிச்சு ஒவ்வொரு சுளையா என் கையில குடுத்த.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“இன்னும் ஒரு வருஷம் ஓடியிருப்பேண்ணா” என்றாள். குரல் உயரவே இல்லை. “ஒரே ஒரு வருஷம். அப்புறம் தோத்தா தோத்துட்டுப் போறேன்.”

அவருக்கு அழுகை வந்துவிட்டது. அறுபத்தெட்டு வயதில் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எப்போதும் துண்டை எடுத்து நீட்டுகிறவள், இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

“அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கா?”

“மைதானத்துலதான் இருப்பா. பரிசு குடுத்துட்டிருப்பாங்க.”

“அப்ப இங்க ஏன் உக்காந்திருக்க? போய் அவகிட்ட சொல்லு. எல்லார் முன்னாடியும் சொல்லு. பலகையில இருக்கற என் நம்பரை அழிக்கச் சொல்லு.”

“நீயும் வாயேன்மா.”

“எனக்கு நேரமாயிடுச்சு, போ” என்று சொல்லிவிட்டு மறுபடி கத்தியை எடுத்தாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். எப்போது வந்தாலும் கேட்டு வரைக்கும் கூடவே வந்து, அவர் தெருமுனை திரும்பும் வரை நிற்கிறவள். பாதி வழியில் அவர் திரும்பிப் பார்த்தார். கேட்டில் யாரும் இல்லை.