கோணல் விரல்

ராஜாவைப் பார்த்து நான் வரைந்தது முகம் மட்டும்தான். அதற்கும் அவர் அரை மணி நேரத்துக்குமேல் உட்காரவில்லை. ஆனால் நாற்பது நாள் அசையாமல் அமர்ந்து கொடுத்தார் என்று ஊரெல்லாம் அறிவித்துவிட்டார்கள்.

அரண்மனைக் காரியதரிசி ஒரு பட்டியலை நீட்டினார். கிரீடம், செங்கோல், காலடியில் சிங்கம். பூனையைக் கண்டாலே தும்முகிற மனிதருக்குச் சிங்கம்! வாயை மூடிக்கொண்டு வரைந்தேன்.

மீதி உடம்புக்கு, ராஜ அங்கியைப் போட்டுக்கொண்டு வேறொருவர் நிற்பதுதான் எங்கள் தொழில் வழக்கம். நான் என் அக்காவை நிறுத்தினேன். அரண்மனைச் சலவைக்கூடத்தில் இருபது வருஷம் துவைத்தவள். துணி பிழியும் உருளையில் சுண்டுவிரல் சிக்கிக் கோணிப்போனதும் அவளைக் கை கழுவிவிட்டார்கள். அன்று முதல் அந்தக் கையை அவள் யாருக்கும் காட்டியதில்லை.

"விரல மட்டும் நேராப் போட்டுருடி" என்றாள், செங்கோலைப் பிடித்துக்கொண்டு.

"மாட்டேன்க்கா. இருக்கிற மாதிரிதான் போடுவேன்."

அரண்மனைமேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம்.

படத் திறப்புக்கு முந்தின நாள் அந்த விரல் காரியதரிசி கண்ணில் பட்டது.

"விரல் இப்படிக் கோணினா கோலே வளைஞ்ச மாதிரி தெரியுதே! கொடுங்கோல்னு ஊர் சிரிக்காது?"

"கோல் நேராத்தான் இருக்குங்க. விரல்தான் கோணல்."

"காலையில அது நிமிர்ந்திருக்கணும். இல்லேன்னா இனிமே நீ எங்கேயும் தூரிகையத் தொட முடியாது."

நான் அந்த விரலைத் தொடவே இல்லை.

மறுநாள் சபை நிறையக் கூட்டம். கடைசி வரிசையில் அக்கா. திரை விலகியதும் காரியதரிசி தன்னை மறந்து கத்தினார்: "இது யாரோட கை?"

நான் குரலை உயர்த்தினேன். "நாற்பது நாள் உட்கார்ந்தது ராஜாதானேங்க? வேற யார் கையா இருக்கும்? நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள். ராஜா படத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மெல்லத் தன் சுண்டுவிரலைக் கோணலாக மடக்கிக்கொண்டார்.

ஒரே வாரம். மந்திரிகள் எல்லாம் சுண்டுவிரலைக் கோணிக்கொண்டு திரிகிறார்கள். எல்லோரையும்விட அதிகமாகக் கோணுகிறவர் காரியதரிசிதான்.

நேற்று அக்கா கையை வீசிக்கொண்டு அரண்மனை வாசல் வழியாகவே போயிருக்கிறாள். காவல்காரனும் விரலை மடக்கிக்கொண்டு நின்றானாம்.

"நீ என்னக்கா பண்ணினே?"

"சரியா வரல அவனுக்கு. இன்னும் கொஞ்சம் மடக்குப்பான்னு சொல்லிட்டு வந்தேன்."