பூட்டச் சொன்னது

கணினி திருத்தும் கடையின் சாவியை மேசையில் வைத்த முதலாளி ஜெரிசன், "எனக்கு யாழ்ப்பாணத்திலை அலுவல் கிடக்கு, நிஷானி. இண்டைக்குத் திரும்பமாட்டன். அஞ்சு மணிக்குப் பூட்டிப்போட்டுப் போம்" என்றான். அவனுடைய மோட்டார் சைக்கிள் மானிப்பாய்ச் சந்தியில் மறையும்வரை நிஷானி பார்த்துக்கொண்டு நின்றாள்.

பூட்டச் சொன்னது கடையை. அது அவளுக்கு நன்றாகவே தெரியும். ஆனால் எதை என்று அவன் வாய்திறந்து சொல்லவில்லையே. வேலை மேசையில் வட்டுக்கோட்டை சிவரூபன் மாஸ்டரின் கணினி அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிக் கிடந்தது. கழற்றியதைத் திரும்பப் பொருத்துவதையும் இந்த ஊரில் பூட்டுவது என்றுதான் சொல்வார்கள்.

டிப்ளோமா முடித்து இந்தக் கடைக்கு வந்து எட்டு மாதம். இதுவரை அவள் கையில் கிடைத்தது தொலைபேசியும் கூட்டுகிற தும்புத்தடியும்தான். 'உம்முடைய கை பட்டால் பின்னெல்லாம் வளைஞ்சிடும்' என்பது ஜெரிசன் சொல்லும் சாட்டு. இன்றைக்கு ஏதாவது எரிந்தால் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவான். அனுப்பினால் அனுப்பட்டும், அந்த மேசை அவளுக்கு வேண்டும்.

மதர்போர்டைப் பெட்டிக்குள் வைத்துத் திருகினாள். பிறகுதான் வில்லங்கமான வேலை. பெட்டியின் முன்பக்கத்திலிருந்து வருகிற மெல்லிய வயர்களை, ஓரத்தில் ஊசிபோல நிற்கும் பின்களில் சோடி சோடியாகச் செருகவேண்டும். எழுத்தெல்லாம் ஈர் அளவு. விளக்கு வயர்களுக்கு நேர்முனை, மறைமுனை பார்த்தாள். சுவிச் வயர்களுக்கு அந்தக் கவலை இல்லை. எல்லாவற்றையும் இரண்டு தரம் சரிபார்த்து, சுவிச்சை அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பவர் வயரைக் கழற்றித் திரும்பச் செருகினாள். அப்போதும் இல்லை. போர்டை ஓரம் ஓரமாகத் துருவிப் பார்த்தாள். அப்போதுதான் பற்றரிக்குப் பக்கத்தில் மூன்று பின்களும், அவற்றில் இரண்டைச் சேர்த்து மூடிய குட்டித் தொப்பியும் கண்ணில் பட்டன. அதுதான் ஜம்பர். எழும்பும்போதே கேட்கிற கடவுச்சொல்லை மறந்து மாஸ்டர் கொண்டுவந்த கணினி இது. அதை அழிப்பதற்காக ஜெரிசன் தொப்பியை இரண்டாம், மூன்றாம் பின்னுக்கு மாற்றியிருக்கிறான். திரும்பப் பழைய இடத்தில் வைக்க மறந்துபோனான். கணினி எழும்பவில்லை என்றதும் மதர்போர்ட் செத்துவிட்டதென்று முழுவதையும் கழற்றிப் போட்டிருக்கிறான், பெரிய மனுசன்.

மின்சாரத்தை நிறுத்தி, தொப்பியை முதலாம், இரண்டாம் பின்னுக்கு மாற்றினாள். திரும்ப மின்சாரம் கொடுத்து சுவிச்சை அழுத்தியதும் கணினி உயிர்பெற்றது. ஐந்து மணிக்குக் கடையையும் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை ஜெரிசனும் மாஸ்டரும் ஒன்றாக வந்து சேர்ந்தபோது, நிஷானி கடையைத் திறந்து கணினியை ஓடவிட்டிருந்தாள்.

"கெட்டிக்காரன், தம்பி" என்றார் மாஸ்டர்.

ஜெரிசன் ஒரு கணம்தான் முழித்தான். "ஓம் மாஸ்டர், நேற்றே முடிச்சுப்போட்டன்."

நிஷானிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் பச்சைப்பிள்ளைபோல முகத்தை வைத்துக்கொண்டு, "அண்ணை, ஜம்பர் எதிலை இருக்கவேணும் எண்டு மாஸ்டருக்குச் சொல்லிவிடுங்கோவன். கடவுச்சொல்லைத் திரும்ப மறந்தால் உதவும்" என்றாள்.

"ரெண்டும் மூண்டும்."

"அப்பிடி வைச்சால் எழும்பாது, அண்ணை. நேற்று அப்பிடித்தான் கிடந்தது. ஒண்டும் ரெண்டும்."

மாஸ்டர் பரீட்சை மண்டபத்தில் கொப்பியடிக்கிறவர்களைப் பிடித்தே காலம் தள்ளியவர். இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப உந்தக் கணினியைப் பூட்டினது ஆர்?"

ஜெரிசன் செருமிக்கொண்டு நிஷானியைக் காட்டினான். "உவதான்."

"வடிவாப் பூட்டியிருக்கிறீர், பிள்ளை" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் கணினியோடு போய்விட்டார்.

மாஸ்டரின் தலை மறைந்ததும் ஜெரிசன் திரும்பினான். "நான் கடையையெல்லோ பூட்டச் சொன்னனான். உமக்கு விளங்கேல்லையோ?"

"நல்லா விளங்கினது, அண்ணை."

ஜெரிசன் மூலையில் தூசி பிடித்துக் கிடந்த பழைய கணினி ஒன்றைத் தூக்கி வந்து அவள் முன்னால் வைத்தான். "இது ரெண்டு கிழமையா எழும்புதில்லை."

"ஜம்பரைப் பாத்தனீங்களோ?"

"அதையும் நீரே பாரும்" என்றான் ஜெரிசன், அவள் முகத்தைப் பார்க்காமல்.